நான் போடாமல் விட்ட சலாம்

துரையின் படுக்கை விரிப்பு தண்ணீரில் நனைந்தால் ஒரு கன்றுக்குட்டி கனம் கனக்கும். இது எனக்கு இருபத்து மூன்று வயதுவரை தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய தேவையும் வரவில்லை. நான் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி வீட்டுப் பிள்ளை. எங்கள் துணி வீட்டிலிருந்து மூட்டையாகப் போகும், மடிப்பாகத் திரும்பி வரும். நடுவில் அதற்கு என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் நான் யோசித்தது கிடையாது.

அன்றைக்கு ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நின்று அந்த விரிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். டிக்கோயாப் பக்கத்து ஆறு. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். தண்ணீரா அது! கால் இரண்டும் இருக்கிறதா, கழன்று போய்விட்டதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. விரிப்பைத் தூக்கிக் கல்லில் அடித்தால், அது கல்லில் விழாமல் என் கழுத்தைச் சுற்றிக்கொண்டது.

மேலே பாதையில், கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கூடையோடு நின்றுவிட்டார்கள்.

"ஏய், இங்க வந்து பாருங்கடி! கங்காணி மகன் வெளுக்குறாரு!"

"வெளுக்குறாரா, விரிப்போட சண்டைக்கு நிக்கிறாரா?"

"எம் பொடவை ஒண்ணு அழுக்காக் கெடக்கு. கொண்டாந்து போடவாங்க?"

அந்தச் சிரிப்பு மலை முழுக்கக் கேட்டிருக்கும். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஈர விரிப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

கரையில் ஒரு கல்லின்மேல் வேலு உட்கார்ந்திருந்தார். எங்கள் தோட்டத்து டோபி. என்னைவிட மூன்று வயது சின்னவர். வலது கையில் மாவுக்கட்டு, கழுத்திலிருந்து ஒரு துணியில் தொங்கியது. அந்தக் கையில் இரண்டு விரலை உடைத்தவன் நான்தான்.

கட்டுப் பிரிக்க ஆறு வாரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். அதுவரை துணி தவறாமல் துரை பங்களாவுக்குப் போக வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் ஹட்டன் டவுனிலிருந்து வேறு டோபியைக் கொண்டுவந்துவிடுவோம் என்று சேதி வந்துவிட்டது. வேறு டோபி வந்தால் வேலு குடியிருந்த காம்பராவும் அவனுக்குத்தான் போகும். வேலு தன் சம்சாரத்தையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு எந்தத் தோட்டத்துக்குப் போய் நிற்பார்? உடைந்த கையோடு வருகிற டோபியை யார் வைத்துக்கொள்வார்கள்?

அதனால்தான் நான் ஆற்றில் நின்றேன்.

வீரக் கதை கேட்ட வாசகருக்கு

போன வாரம் இந்தப் பத்தியில், இளவட்டத்தில் நான் கம்பு சுற்றியவன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினாலும் எழுதினேன். 'அந்தக் கதையை முழுசாகச் சொல்லுங்கள் ஐயா' என்று ஒரு வாசகர் கடிதம் போட்டுவிட்டார். வீரக் கதை என்று நினைத்திருக்கிறார், பாவம்.

சொல்கிறேன். ஆனால் ஒன்று: இந்தக் கதையில் யார் பேரில் தப்பு, யார் யாரிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை. விளங்கினவர்கள் எழுதிப் போடுங்கள்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கலாம். பங்களாவில் இன்னும் வெள்ளைக்காரத் துரைதான் இருந்தார். எங்கள் தோட்டத்தை மேக்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஆளுக்கொரு மலை, வரிசையாக ஒட்டிக் கட்டின லயமும் ஆளுக்கொன்று. மாரியம்மன் கோயில் மட்டும் பொது.

திருவிழாவின் கடைசி நாள் தேருக்கு முன்னால் இரண்டு கணக்கு ஆட்களும் கம்பு விளையாடுவார்கள். ஜோடி ஜோடியாக ஆடிவிட்டு, கடைசியில் இரண்டு பக்கத்திலும் முன்னால் நிற்கிற ஆட்கள் இருவரும் மோதுவார்கள். ஜெயித்தவர் தலையில் அம்மன் சந்நிதியில் வைத்துப் பரிவட்டம் கட்டுவார்கள். ஒரு முழத் துணிதான். அதைக் கட்டிக்கொண்டு ஒருத்தன் லயத்துக்கு நடந்து வந்தால் அந்த வருஷம் முழுக்க அவன் பேச்சுத்தான்.

எங்கள் மேக்கணக்கில் அந்தப் பரிவட்டத்தைப் பார்த்தே பல வருஷம் ஆகியிருந்தது. இருந்தவர்கள் எல்லோரும் கம்பைச் சும்மா சுழற்றுகிறவர்கள்.

அப்போதுதான் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வேலு வந்து சேர்ந்தார். வந்த புதிதில் ஒரு நாள், கொடியில் காய்ந்த துணியை ஒரு நாய் இழுத்திருக்கிறது. துணி காயப்போடும் மூங்கிலை எடுத்து ஒரு சுழற்றுச் சுழற்றியிருக்கிறார். நாய்மேல் படவில்லை. ஆனால் நாய் அந்தப் பக்கம் மறுபடி வரவே இல்லை. பார்த்துக்கொண்டிருந்த எங்கள் பயல்கள் அன்று சாயங்காலமே வெற்றிலை பாக்கோடு போய் அவர் காம்பரா வாசலில் நின்றுவிட்டார்கள்.

அவருடைய மாமா அந்தப் பக்கத்தில் பேர்போன கம்புக்காரராம். ஆறு வயதிலிருந்து பழக்கியிருக்கிறார்.

முதுகுப் பிடிப்பு

வேலை முடிந்து ஐந்து மணிக்கு மேல் பெரட்டுக்களத்தில் பழக்கம். காலையில் ஆள் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கிற அந்த இடத்தில்தான் சமதரை இருந்தது. மற்றதெல்லாம் சரிவு.

என் கம்புக்கு நான் பட்ட பாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். பச்சை மூங்கில் நன்றாகக் காய வேண்டும். நான் ஸ்டோரில், அதாவது தேயிலை அரைக்கிற எங்கள் ஆலையில், வேலை பார்த்தேன். கொழுந்து வாட்டுகிற மாடியில் சூடான காற்று அடிக்குமே, அங்கே ஒரு மூலையில் கம்பை ஒளித்து வைத்தேன். ஆலையைக் கவனிக்கிற டீமேக்கரய்யா கண்டுபிடித்துவிட்டார். "ஏம்ப்பா, இது கொழுந்து வாடுற எடம். ஒன்னோட கம்பும் வாடணும்னா இதையும் சேத்து அரைச்சு லண்டனுக்கு அனுப்பிறட்டுமா?" என்றார். அதற்குள் கம்பு முக்கால்வாசி காய்ந்திருந்தது.

முதல் நாள் வேலு எங்களை வரிசையாக நிறுத்தினார். கம்பைத் தொடுமுன் சலாம் வரிசை போட வேண்டும் என்றார். கம்பை ஒரு கையில் பிடித்தபடியே ஒரு காலைப் பின்னுக்கு வைத்து, இடுப்பிலிருந்து நன்றாகக் குனிந்து, இடது பக்கம் ஒரு தரம் மண்ணைத் தொட வேண்டும். கை மாற்றி வலது பக்கம் ஒரு தரம். கடைசியில் வாத்தியார் காலைத் தொட்டு நிமிர வேண்டும். ஒவ்வொருவராகப் போட்டார்கள்.

என் முறை வந்தது.

அன்று காலையில்தான் இதே ஆளிடம், "டே வேலு, போன தடவ காலர்ல அழுக்கு அப்பிடியே இருந்துச்சு, பாத்து வெளு" என்று சொல்லியிருந்தேன். லயத்து வாசலெல்லாம் ஆட்கள். மேட்டுமேல் குடையை ஊன்றிக்கொண்டு என் அப்பா. முத்தையாக் கங்காணி என்றால் அந்த மலையில் காற்றுகூடக் கேட்டுவிட்டுத்தான் வீசும். அவர் மகன், துணி வெளுக்கிறவர் காலில், இத்தனை பேர் பார்க்க!

"எனக்கு முதுகுப் பிடிப்பு" என்றேன்.

வேலு என் முதுகைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். "சரிங்க" என்றார்.

நான் நின்றபடியே கம்பு நுனியால் மண்ணை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

அந்த முதுகுப் பிடிப்பு எட்டு மாதம் இருந்தது. தினமும் எல்லோரும் குனிவார்கள், நான் மட்டும் தட்டுவேன். என் அம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவளா? "கம்பு சுத்தையில இல்லாத பிடிப்பு, குனியையில மட்டும் எங்கேருந்துடா வருது? வா, வேப்பெண்ணெ தடவுறேன்" என்று எல்லோர் முன்னாலும் கூப்பிடுவாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடுவேன்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. அவரை என்னவென்று கூப்பிடுவது? காலையில் 'டே', சாயங்காலம் 'வாத்தியாரே' என்றால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ஆகவே கூப்பிடாமலே இருந்துவிட்டேன். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் இருமுவேன். அவர் திரும்பிப் பார்ப்பார். எட்டு மாதம் இருமியே வித்தை கற்றவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

"ஒங்க காலு தெறந்து கெடக்குங்க"

ஆனால் வித்தை வந்தது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே வந்தது. கூட்டாளிகள் நாலு பக்கமிருந்தும் சிறு கல்லை வீசுவார்கள். நான் கம்பைச் சுழற்றினால் ஒரு கல்லும் உள்ளே வராது, டக் டக்கென்று தெறிக்கும். கூடப் பழகின பத்துப் பேரில் என்னைத் தொட்டவன் கிடையாது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டோரில் நடக்கும்போதுகூடத் தோளை அகட்டிக்கொண்டுதான் நடப்பேன்.

திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வேலு யார் எங்கே நிற்பது என்று சொன்னார். முன்னால் நிற்க, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கறுப்பையாவைக் கூப்பிட்டார். நான் வாரம் மூன்று தடவை தோற்கடிக்கிற கறுப்பையா!

"நீங்க மூணாவதா நில்லுங்க" என்றார் என்னிடம்.

நான் இருமவில்லை. நேராகவே கேட்டேன். "ஏன்?"

"ஒங்க காலு தெறந்து கெடக்குங்க."

"என்னா தெறந்து கெடக்கு? இந்தப் பத்துப் பேருல ஒருத்தன் தொட்டிருக்கானா?"

"இவங்க தொடல. மேல எல்லாம் நல்லா மூடியிருக்குங்க. கீழ எங்கயோ தெறந்து கெடக்கு. எங்கன்னு எனக்கே பிடிபடல. ரெண்டு மாசமாப் பாக்குறேன்."

பிடிபடவில்லையாம்! எனக்கு நன்றாகப் பிடிபட்டுவிட்டது. சலாம் போடாததற்கு வஞ்சம் வைத்திருந்து இப்போது தீர்க்கிறார் என்று முடிவு கட்டினேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் வேலு துணி கொண்டுவந்தபோது வீட்டுப் பின்வாசலில் நிறுத்தி இரண்டு நிமிஷம் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது கேட்க விரும்பவில்லை.

அன்று சாயங்காலம் வேலு என்னைக் கூட்டிப்போய் முன்னால் நிறுத்தினார். முகத்தில் கோபம் இல்லை. பயமா, வருத்தமா, அதுவும் தெரியவில்லை. என் சட்டை அந்த வாரம் வழக்கத்தைவிட வெள்ளையாக வந்தது. வெற்றி எனக்குத்தான், ஆனால் அந்தச் சட்டையைப் போடும்போது மனசு ஒரு மாதிரி இருந்தது.

தேருக்கு முன்னால்

கடைசி நாள் மத்தியானம். மலையிலிருந்து மூடுபனி இறங்கி இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. தப்பு மேளச் சத்தம் காதை அடைத்தது.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். தேரைத் தோளில் சுமப்பவர்கள் வெறும் மண்ணில் கால் வைக்கக் கூடாது. டோபி இரண்டு நீள வெள்ளைத் துணியை வைத்துக்கொண்டு தேருக்கு முன்னால் விரித்துக்கொண்டே போக வேண்டும். ஒன்றின்மேல் தேர் கடந்ததும் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு முன்னால் ஓடி மறுபடி விரிக்க வேண்டும். கோயிலிலிருந்து ஊர்வலம் சுற்றி வருகிறவரை நிமிரவே முடியாது.

ஆகவே எங்களுக்குக் கம்பு பழக்கின வாத்தியார் அன்று கம்பைத் தொடவில்லை. நாங்கள் ஆடுவதை நிமிர்ந்து பார்க்கவும் அவருக்கு நேரமில்லை.

கீழ்க்கணக்கில் முன்னால் நின்றவர் சுப்பையா. கான் வெட்டுகிறவர். மழைத்தண்ணீர் ஓட மலையில் வெட்டுகிற கான்களில் ஆயுசு முழுக்கக் குனிந்தே கிடந்தவர். என் நெஞ்சு உயரம்தான் இருப்பார். அவர் சலாம் வரிசை போட்டார் பாருங்கள், இரண்டு பக்கமும் மண்ணைத் தொட்டு, எனக்கு முன்னாலும் மண்ணைத் தொட்டு நிமிர்ந்தார். நான் கம்பு நுனியால் தட்டினேன்.

கம்பு விளையாட்டில் ஒரு நியாயம் உண்டு. அடி பட்டவன்தான் 'தொட்டது' என்று சொல்ல வேண்டும். பார்க்கிறவர்கள் சொல்வதில்லை, அடித்தவனும் சொல்வதில்லை. பட்டவன் தன் வாயால் சொல்ல வேண்டும்.

ஆரம்பித்து நாலு வீச்சு ஆகவில்லை, என் இடது கணுக்காலில் சுளீரென்றது. எப்படி வந்தது என்றே தெரியவில்லை. நான் சொல்லவில்லை. தப்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது என்று நினைத்தேன்.

இரண்டாவது தடவை அதே கணுக்கால். அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. "ஏய், தொட்டதுன்னு சொல்லப்பா!" என்று கீழ்க்கணக்குக்காரர்கள் கத்தினார்கள். சுப்பையா கம்பைத் தாழ்த்திக்கொண்டு, நான் சொல்லட்டும் என்று நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

சொல்லியிருக்கலாம். ஒரு சொல். ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆத்திரத்தில் தலைக்குமேல் கம்பைத் தூக்கிப் பெரிய வீச்சாக வீசினேன். மூன்றாவது அடி காலை வாரிவிட்டது. நான் மல்லாக்க விழுந்தேன். கம்பு வியர்த்த கையிலிருந்து நழுவிப் பறந்தது.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. மூங்கில் எலும்பில் படுகிற சத்தம் தனியாகத் தெரியும்.

வேலு குனிந்து துணி விரித்துக்கொண்டிருந்தார். என் கம்பு அவருடைய வலது கையில் விழுந்திருந்தது. வெள்ளைத் துணியில் ஒரு கைப்பிடி அளவு சிவப்பு. அவர் 'ஐயோ' என்றுகூடச் சொல்லவில்லை. தேர் நெருங்கிவிட்டது. இடது கையால் அந்தத் துணியைச் சரேலென்று உருவி, கறை அம்மன் வழியில் படாமல் மறு முனையைத் திருப்பிப் போட்டார். பிறகுதான் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தொட்டதுங்க" என்றார்.

பழக்கத்தில் வாயில் வந்ததா? எனக்கு உறைக்கட்டும் என்று சொன்னாரா? பிறகு ஒரு நாள் கேட்டேன். "அப்பிடியா சொன்னேன்? நெனப்பு இல்லீங்க" என்றுவிட்டார்.

ஆற்றங்கரையில் இரண்டு பயந்தாங்கொள்ளிகள்

டிக்கோயா ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு அவர் காம்பராவுக்குப் போனேன். வாசலில் செல்லம்மா, அவருடைய சம்சாரம், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"பழம் எதுக்குங்க? ஒங்க கம்பு பறந்து வந்து எங்க சோத்துப் பானையில விழுந்துருச்சு. பங்களாவுல வேற ஆளு பாக்குறாங்களாம். இந்தக் கை மறுபடி துணி பிழியுமான்னு டாக்டரய்யாவுக்கே தெரியலையாம். இந்தப் பழத்த வெச்சுக்கிட்டு நாங்க என்னா பண்றது?"

உள்ளேயிருந்து வேலு, "ஏ, சும்மா இரு" என்றார். அவள் சும்மா இருக்கவில்லை. இருக்கவும் கூடாது.

நான் திரும்பி வந்துவிட்டேன். ஸ்டோரில் மத்தியான வேலைக்கு மாறிக்கொண்டேன். மறுநாள் விடியலில் ஆற்றில் போய் நின்றேன். மனசு இளகித்தான் போனேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் வேறு என்ன செய்வதென்று தெரியாமல்தான் போனேன்.

முதல் வாரம் நான் கிழித்த துணிகளைப் பற்றி எழுத வேண்டாம். விரிப்பைப் பிழிய இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையைச் செல்லம்மா பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினாள், மறு முனையில் இருந்த நான் தண்ணீரில் கிடந்தேன். அன்றைக்குத்தான் அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

அப்பா சேதி கேட்டுப் பாதைவரை வந்தார். குடையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஒங்காத்தாகிட்டச் சொல்லு. எந்துணிய இனிமே வெளிய போடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா அவர் வேட்டியை முந்தானைக்குள் மறைத்து எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் அப்பா வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "வீட்டுல வெளுத்தா வெளுப்பே தனி" என்றாராம். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? அம்மாவுக்கும் தெரியவில்லை.

வேலு தினமும் கரையில் வந்து உட்கார்ந்துகொள்வார். "முதுக வளைக்காதீங்க. ஒரு காலப் பின்னால வைங்க. இடுப்புல இருந்து குனியுங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நான் குனிந்தேன். தண்ணீரில் குனிய எனக்குப் பிடிப்பு ஒன்றும் வரவில்லை.

நாலாவது வாரம் என்று நினைவு. ஒரு வேட்டியை முறுக்கிப் பிடித்தபடி நன்றாகக் குனிந்திருந்தேன்.

"அப்பிடியே நில்லுங்க! அசையாதீங்க!" என்று கத்தினார்.

பாம்புதான் என்று நினைத்து உறைந்துபோனேன். அவர் கொடிக்கழியை இடது கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தார். என் கணுக்காலைப் பார்த்தார், இந்தப் பக்கம் வந்து பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். முறுக்கின வேட்டி என் காலுக்குக் குறுக்கே நின்றது.

"எடமே இல்லீங்க" என்றார். "அடிக்க எடமே இல்ல."

கரையேறி, கழியைக் கம்பாகப் பிடித்துச் சலாம் வரிசையை மெதுவாகப் போட்டார். இடது பக்கம் மண்ணைத் தொடக் குனியும்போது பாதியில் நிறுத்தித் தன் காலைத் தானே பார்த்தார். கம்பு காலுக்குக் குறுக்கே இருந்தது. கட்டுக் கைக்கு மாற்ற முடியாமல், இடது கையிலேயே பிடித்தபடி வலது பக்கமும் குனிந்தார். அங்கேயும் அப்படித்தான்.

அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க மாமா சலாம் போடுன்னாரு, போட்டேங்க. மருவாதைக்குன்னுதான் நெனச்சேன். ஏன்னு கேக்கல. நீங்க எட்டு மாசமாப் போடல. அதாங்க ஒங்க காலு தெறந்து கெடந்துச்சு. எனக்கே இப்பத்தான் தெரியுது."

எட்டு மாதமாகச் சலாம் போடாததற்கு வஞ்சம் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். இவருக்கோ அதன் உள்விஷயமே தெரியாது!

"மரியாதைன்னு நெனச்சிருந்தா, நான் போடாதப்ப ஏன் சும்மா விட்டீங்க?" என்று கேட்டேன். வாயில் 'ங்க' எப்படி வந்தது என்று கவனிக்கவில்லை.

"முதுகுப் பிடிப்பு பொய்யின்னு அன்னிக்கே தெரியும். ஆனா கங்காணி மகனப் பாத்துக் குனியின்னு நான் எப்பிடிங்க சொல்றது? பயந்துட்டேன். எந்தப்புத்தாங்க."

"இல்ல, எந்தப்பு."

"இல்லீங்க, எந்தப்பு. வாத்தியார்னு நின்னுட்டு விட்டுட்டேனே."

விரலை உடைத்தவன் நான், மன்னிப்புக் கேட்பவர் அவர். இது என்ன கணக்கு?

துணி அலசிக்கொண்டிருந்த செல்லம்மா நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டும் பயந்தாங்கொள்ளிங்க. ஒண்ணு குனியப் பயந்துச்சு, ஒண்ணு குனியச் சொல்லப் பயந்துச்சு. நடுவுல எம்புருசன் கை போச்சு. அந்த வேட்டி தண்ணியில போவுது பாருங்க, பிடிங்க!"

அப்பாவின் வேட்டி! ஓடிப்போய்ப் பிடித்தேன்.

மறுபடியும்

ஆறு வாரம் கழிந்து கட்டைப் பிரித்தார்கள். துணி ஒரு வாரமும் தவறவில்லை, காம்பரா தப்பியது. கை பிழைத்தது. ஆனால் அந்த இரண்டு விரலும் முழுசாக நிமிரவில்லை. கடைசிவரை அரை வளைவில்தான் இருந்தன. சவுக்காரக் கட்டியைப் பிடித்தால் அந்த இரண்டும் தனியாக நிற்கும். நான் பார்க்கும்போதெல்லாம் அவர் அந்தக் கையைப் பின்னால் வைத்துக்கொள்வார். எனக்காக மறைத்தாரா, தனக்காக மறைத்தாரா, தெரியாது.

அந்த வாரமே பெரட்டுக்களத்தில் பழக்கம் தொடங்கியது. லயத்து வாசலெல்லாம் ஆட்கள். மேட்டுமேல் குடையோடு அப்பா. வெள்ளை வேட்டி மட்டும் மூடுபனியில் தெரிந்தது. முகம் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று தெரியவில்லை.

வரிசை நகர்ந்து என் முறை வந்தது.

"வாத்தியாரே" என்றேன். எட்டு மாத இருமலுக்குப் பிறகு வந்த சொல், கொஞ்சம் கரகரத்தது.

குனிந்தேன். இடது பக்கம் மண்ணைத் தொட்டேன், கை மாற்றி வலது பக்கம் தொட்டேன். அவர் காலைத் தொடக் கை நீட்டினேன். கால் கூசிப் பின்னால் போகப் பார்த்தது, பிறகு நின்றது. ஆற்றுத் தண்ணீரில் ஊறி வெடித்த கால். நான் தொட்ட அந்த நொடியில் கணுக்கால் பக்கம் 'டக்' என்றது. அவர் அடித்திருக்கிறார், என் கம்பு அங்கே குறுக்கே இருந்திருக்கிறது. நான் அங்கே அதை வைத்த நினைப்பே எனக்கு இல்லை.

"மூடிருச்சுங்க" என்றார்.

நான் அன்றைக்குக் கும்பிட்டேனா, தடுத்தேனா? இத்தனை வருஷம் கழித்தும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் அந்த நேரத்தில் இதையெல்லாம் யோசிக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. பார்த்தாயா, ஒரே நாளில் பிடித்துவிட்டேன் என்று நிமிர்ந்து மேட்டைப் பார்த்தேன். அப்பா பார்க்கிறாரா என்று.

மற்றக் கணுக்காலில் சுளீரென்று விழுந்தது.

லயத்து வாசல்களில் சிரிப்பு எழுந்தது. வேலு கம்பைத் தாழ்த்திக்கொண்டு நின்றார்.

"தொட்டது!" என்றேன். மேடுவரை கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

அவர் அந்த வளைந்த விரல்களால் கம்பை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "சரிங்க, மொதல்ல இருந்து குனியுங்க" என்றார்.